ஒரே நாளில் 43 தடவை கடவுச்சொல்: கட்டளைவரிக்கும் உள்நுழைவுக்கும் நம்பத்தகுந்த குறுக்குவழிகள் எவை?

பனைவடலி (கேள்வி)

வணக்கம். யாழ்ப்பாண நகரில் தலைமை அலுவலகத்தைக் கொண்ட ஒரு நிறுவனத்தில் உதவி வலையமைப்பு நிர்வாகியாகப் பணிபுரிகிறேன். சாவகச்சேரி, நெல்லியடி, சுன்னாகம், ஊர்காவற்றுறை முதலிய இடங்களில் எங்களுக்குப் பதினொரு கிளைகள் உள்ளன. சிஸ்கோ சுவிட்சுகள், மைக்ரோடிக் ரவுட்டர்கள், நான்கு லினக்ஸ் சேர்வர்கள் எல்லாமாக 37 சாதனங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன.

சென்ற புதன்கிழமை ஒரு சிறு பரிசோதனை செய்தேன். கடவுச்சொல்லை அடிக்கும் ஒவ்வொரு தடவையும் கொப்பியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தேன். மாலை ஐந்து மணிக்கு எண்ணிப் பார்த்தபோது 43 கோடுகள் இருந்தன. ஒரு கிளையில் ஒரு போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு நான் செய்யும் வேலையைக் கேளுங்கள்: எக்செல் தாளைத் திறந்து ஐபி முகவரியைத் தேடி, அதைப் பிரதி எடுத்து முனையத்தில் ஒட்டி, பயனர் பெயரை அடித்து, கடவுச்சொல்லை அடித்து, பிறகு சிறப்புரிமை நிலைக்குப் போவதற்கு இன்னொரு கடவுச்சொல்லையும் அடித்த பின்னர்தான் கேட்க வந்த கேள்வியைச் சாதனத்திடம் கேட்க முடிகிறது. வேலையில் முக்கால் பங்கு வாசற்படியிலேயே கழிந்துவிடுகிறது.

எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள சாதனத்துக்குள் மறையாக்கத்தோடு நுழையும் முறை) கேட்கும் கடவுச்சொல்லைத் தானாக நிரப்பும் எஸ்எஸ்எச்-பாஸ் என்ற நிரலுக்கு அதைக் கொடுத்து, அதை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வைத்துவிடும்படி நண்பர் ஒருவர் சொன்னார். வேகமான வழிதான், ஆனால் மனம் ஒப்பவில்லை. இதற்கு ஒழுங்கான வழி என்ன? சாதனங்களுக்குள் போன பின்னர், நீண்ட கட்டளைகளை அடிக்கும் நேரத்தைக் குறைப்பதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இப்போது நிலைமை எவ்வளவோ மேல். என்றாலும் எங்கள் அலுவலக யூபிஎஸ் மின்கலங்கள் கிழடு தட்டிவிட்டன, மின்சாரம் ஒரு கணம் போய்வந்தாலும் பாதியில் நின்ற வேலை அப்படியே அறுந்துபோகிறது. இதற்கும் ஏதாவது வழி உண்டா? நான் பாவிப்பது லினக்ஸ் மடிக்கணினி. என்னோடு வேலை செய்பவர் விண்டோஸ் பாவிக்கிறார்.

கோட்டைமதில்

நண்பர் சொன்ன வழியை முதலில் ஒதுக்கிவிடுவோம். கட்டளையோடு சேர்த்துக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் அது லினக்ஸ் கட்டளைவரியான பாஷின் வரலாற்றுக் கோப்பில் எழுத்தெழுத்தாகக் கிடக்கும். அதே கணினியில் உள்ள வேறொருவர் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலை அந்தக் கணத்தில் பார்த்தால் அவர் கண்ணிலும் படக்கூடும். ஸ்கிரிப்டுக்குள் எழுதினாலோ, காப்புப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் 37 சாதனங்களின் கடவுச்சொற்களும் கூடவே பிரதியாகும். 1995 இல் ஹெல்சிங்கியில் தத்து யிலோனன் எஸ்எஸ்எச்-ஐ எழுதியதற்குக் காரணமே, அவருடைய பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திரட்டியதுதான். கம்பியில் திருட முடியாதபடி செய்த பொருளுக்குள் நின்றுகொண்டு கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதி வைப்பது, கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போவதைப் போன்றது.

ஒழுங்கான வழி திறப்புச் சோடிதான். எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையில் வகை ஈடி25519 என்று கொடுத்து ஒரு சோடியை உருவாக்குங்கள். பொதுத் திறப்பு என்று பலரும் சொல்லும் பாதி உண்மையில் ஒரு பூட்டு. அதை எத்தனை வாசலிலும் கொழுவலாம், யார் பார்த்தாலும் பரவாயில்லை. தனித் திறப்பு மட்டும் உங்கள் மடிக்கணினியை விட்டு வெளியே போகக்கூடாது. அதற்கு ஒரு நீண்ட கடவுத்தொடரைக் கட்டாயம் வையுங்கள். ‘அதையும் தினமும் 43 தடவை அடிக்க வேண்டுமே’ என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குத்தான், திறப்பை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச்-ஏஜென்ட் இருக்கிறது. காலையில் வேலைக்கு வந்ததும் எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையில் ஆயுள் எட்டு மணி நேரம் என்று கொடுத்து ஒரு தடவை கடவுத்தொடரை அடித்துவிட்டால், மாலையில் நீங்கள் மறந்தாலும் ஏஜென்ட் அதைத் தானாகவே கைவிட்டுவிடும். லினக்ஸ் சேர்வர்களில் பூட்டைக் கொழுவுவதற்கு எஸ்எஸ்எச்-கொப்பி-ஐடி என்ற கட்டளை ஒன்றே போதும்.

சிஸ்கோவின் இயங்குதளமான ஐஓஎஸ்-இன் பழைய பதிப்புகளும் மைக்ரோடிக்கின் பழைய ரவுட்டர்ஓஎஸ்-உம் ஈடி25519 வகையை அறியாதவை. அவற்றுக்காக ஆர்எஸ்ஏ வகையில் இன்னொரு சோடி தேவைப்படும். மைக்ரோடிக்கில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள்: ஒரு பயனருக்குத் திறப்பை ஏற்றியவுடன், அந்தப் பயனர் எஸ்எஸ்எச் வழியாகக் கடவுச்சொல்லால் நுழைவதை அது இயல்பாகவே நிறுத்திவிடும். இது தெரியாமல், உடன் வேலை செய்பவர் அதே பயனர் பெயரில் வந்து கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்.

இனி, எக்செல் தாளை மூடிவிடலாம். உங்கள் முகப்புக் கோப்புறையில் புள்ளி எஸ்எஸ்எச் என்ற மறைந்த கோப்புறைக்குள் கொன்பிக் என்ற பெயரில் ஒரு சாதாரண உரைக்கோப்பை உருவாக்குங்கள். கட்டளைகளையும் சொற்களையும் இங்கே ஒலிப்புப்படி எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ்ட் நெல்லி-சுவி1
ஹோஸ்ட்நேம் 10.20.4.2

ஹோஸ்ட் நெல்லி-*
யூசர் வலைநிர்வாகி
புரொக்ஸிஜம்ப் தலைமை

ஹோஸ்ட் *
சேர்வர்அலைவ்இன்டர்வல் 30

இதற்குப் பின்னர் ‘எஸ்எஸ்எச் நெல்லி-சுவி1’ என்று அடித்தால் போதும். எந்த முகவரி, எந்தப் பயனர், எந்த இடைக் கணினி (இங்கே தலைமை அலுவலகத்தில் உள்ள ‘தலைமை’) வழியாகப் போவது என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். நெல் என்று அடித்துத் தாவல் விசையைத் தட்டினால் மிகுதிப் பெயரையும் அநேகமான லினக்ஸ்களில் அதுவே நிரப்பும். ஆட்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இந்தக் கோப்பின் ஒழுங்குதான். லினக்ஸில் உள்ள எஸ்எஸ்எச் நிரலான ஓப்பன்எஸ்எஸ்எச் மேலிருந்து கீழாக வாசிக்கும்; ஓர் அமைப்புக்கு முதலில் எந்தப் பெறுமதியைக் காண்கிறதோ அதையே வைத்துக்கொள்ளும், பின்னால் வருவது முன்னாலுள்ளதை மாற்றாது. ஆகவே தனிச் சாதனங்கள் மேலேயும், நட்சத்திரக் குறியிட்ட பொது விதி கடைசியிலும் இருக்க வேண்டும். நான் முதன்முதலில் இதைத் தலைகீழாக எழுதிவிட்டு, எல்லாச் சாதனத்துக்கும் ஒரே பயனர் பெயர் போகிறதே என்று அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே உள்ள புரொக்ஸிஜம்ப் 2016 இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதற்கு முன்னர் பலர் ஏஜென்டையே இடைக் கணினிக்கு முன்னனுப்பினார்கள். அவ்வாறு செய்தால் அந்த இடைக் கணினியில் ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரம் உள்ள எவரும், நீங்கள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும், உங்கள் திறப்பைக் கொண்டு வேறு கதவுகளைத் திறக்கலாம். புரொக்ஸிஜம்பில் இடைக் கணினி வெறும் குழாய்தான்.

லினக்ஸ் சேர்வர்களுக்கு மட்டும் கொன்ட்ரோல்மாஸ்டர், கொன்ட்ரோல்பாத், கொன்ட்ரோல்பெர்சிஸ்ட் என்ற மூன்று வரிகளையும் சேர்த்துப் பாருங்கள். முதல் இணைப்பு திறந்திருக்கும்வரை அடுத்தடுத்த அமர்வுகள் அதே குழாய்க்குள்ளால் போவதால், கைகுலுக்கும் நேரம் மிச்சமாகும். பல சுவிட்சுகள் ஒரே இணைப்புக்குள் இரண்டாவது அமர்வை ஏற்பதில்லை என்பதால் அவற்றுக்கு இதை வைக்க வேண்டாம்.

ஒரு குறுக்குவழியை மட்டும் பாவிக்கவே வேண்டாம் என்பேன்: சாதனத்தின் அடையாளம் மாறியிருப்பதாக எச்சரிக்கை வருகிறது என்பதற்காக, அந்தச் சோதனையையே நிறுத்திவிடும் வரி. சுவிட்சை மாற்றினீர்கள் என்றால் பழைய பதிவை மட்டும் நீக்குங்கள். நீங்கள் எதையும் மாற்றாத நாளில் அந்த எச்சரிக்கை வந்தால், எழுந்து போய் யார் மாற்றினார்கள் என்று விசாரியுங்கள்.

மின்சாரம் பற்றிய கேள்விக்கு, இணைப்பு அறுந்தாலும் அமர்வை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் என்ற நிரல் பதில் சொல்லும். உங்கள் மடிக்கணினியில் அதை ஓடவிடுவதில் பெரிய பயன் இல்லை. தலைமை அலுவலகத்தில் நல்ல யூபிஎஸ்ஸோடு இருக்கும் இடைக் கணினியில் ஓடவிட்டு, அதற்குள்ளிருந்தே கிளைகளுக்குப் போகும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். அவ்வாறு போகும்போது திறப்பு மடிக்கணினியில் இருக்கும் என்பதால், நீண்ட நேரம் ஓடும் வேலைகளுக்கென்று இடைக் கணினியில் கடவுத்தொடரோடு தனியாக ஒரு சோடி வைத்திருக்கிறேன். உங்கள் மேசையில் விளக்கு அணைந்தாலும் அங்கே அமர்வு ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்து அட்டாச் என்றால், விட்ட வரியிலேயே நிற்பீர்கள். செத்துப்போன எஸ்எஸ்எச் சாளரத்தை மூடுவதற்கு எண்டர், அலைக்குறி, புள்ளி என்ற மூன்று விசைகளை வரிசையாகத் தட்டுங்கள். இதை அறியாமல் நான் இரண்டு வருடம் சாளரத்தையே மூடித் திறந்திருக்கிறேன்.

தீவகத்தான்

கோட்டைமதில் ஐயா உள்நுழைவு பற்றிச் சொன்னவற்றுக்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. கட்டளைகளைச் சுருக்குவது பற்றிப் பனைவடலி கேட்டதற்குப் பதிலாக, அந்தச் சுருக்கம் எனக்கு ஒரு முழு நாளைத் தின்ற கதையைச் சொல்கிறேன்.

முன்னர் நான் வேலை செய்த இடத்துக்கு நெடுந்தீவில் ஒரு கிளை இருந்தது. கண்காணிப்புக் கமராக்களுக்காக 40 ஆம் இலக்க வீலானை (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி வலையமைப்பு) அந்தச் சுவிட்சின் ட்ரங்க் போர்ட்டில், அதாவது பல வீலான்களைச் சுமக்கும் போர்ட்டில், சேர்க்க வேண்டியிருந்தது. இத்தகைய வேலைகளுக்காக நான் ஒரு உரைக்கோப்பு வைத்திருந்தேன். இடைமுகத்தின் பெயர், மாற்றம், எண்ட், மாற்றத்தைச் சேமிக்கும் ரைட் மெமரி என்ற நான்கு வரிகள், இலக்கங்களை மட்டும் மாற்றி ஒரே தடவையில் ஒட்டிவிடுவேன். அன்றைக்கு ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலான் ஆட் 40’ என்று இருக்க வேண்டிய வரியில் ‘ஆட்’ என்ற சொல் விடுபட்டிருந்தது. இருக்கும் பட்டியலோடு 40 ஐயும் சேர் என்பதற்குப் பதிலாக, பட்டியல் முழுவதையும் அழித்து 40 ஐ மட்டும் வை என்று சுவிட்ச் அதைப் புரிந்துகொண்டது. நான் உள்ளே வந்த நிர்வாக வீலானும் அழிந்த பட்டியலில்தான் இருந்தது.

திரை அப்படியே நின்றது. எண்டரைத் தட்டினேன், அசைவில்லை. அப்போதும் பெரிதாகக் கலங்கவில்லை, ஏனென்றால் சேமிக்காத மாற்றம் மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் போய்விடும். கிளையில் இருந்த எழுதுவினைஞருக்கு அழைப்பு எடுத்து, நீல விளக்கு எரியும் பெட்டியின் வயரைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்துக் கொழுவும்படி சொன்னேன். கொழுவினார். சுவிட்ச் எழும்பியது, இணைப்பு எழும்பவில்லை. அதற்குப் பிறகுதான் விளங்கியது: நான் நான்கு வரிகளையும் ஒன்றாக ஒட்டியதால், இணைப்பு அறுவதற்கு முன்னரே ‘ரைட் மெமரி’ வரியும் சுவிட்சின் வாய்க்குள் போய்விட்டது. தன் கழுத்தை அறுத்த கையோடு அதைப் பத்திரமாகச் சேமித்தும் வைத்திருக்கிறது. அடுத்த நாள் காலையில் குறிகட்டுவானில் படகேறி, வெளிர் நீலக் கொன்சோல் வயரையும் மடிக்கணினியையும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கடல் கொந்தளிப்பில் நனைந்து போய்ச் சேர்ந்து, 9600 வேகத்தில் கொன்சோலைத் திறந்து பழைய வீலான் பட்டியலை 40 உடன் சேர்த்து மறுபடி எழுதிச் சேமித்துவிட்டு வந்தேன். வேலை நாற்பது விநாடி. பயணத்துக்கு ஒரு நாள்.

அன்றிலிருந்து, தொலைவில் உள்ள எந்தச் சிஸ்கோ சாதனத்தையும் தொடுவதற்கு முன்னர் நான் அடிக்கும் முதல் கட்டளை ‘ரீலோட் இன் 10’. பத்து நிமிடத்தில் நீயாகவே மறுபடி எழும்பு என்பது அதன் பொருள். மாற்றம் சரியாக அமைந்து நான் இன்னும் உள்ளேயே இருந்தால் ‘ரீலோட் கான்சல்’ என்று அடித்து, பிறகு நிதானமாகச் சேமிப்பேன். வெளியே தள்ளப்பட்டிருந்தால் பத்து நிமிடம் பொறுத்திருப்பேன். சேமிக்காத மாற்றத்தை அது மறந்துவிட்டுப் பழைய நிலையில் எழும்பும். இந்தக் கட்டளையை மாற்றத்துக்கு முன்னரே கொடுக்க வேண்டும். மாற்றிய பின்னர் கொடுத்தால், உள்ளமைவு மாறியிருக்கிறது, சேமிக்கட்டுமா என்று அது கேட்கும். கைப்பழக்கத்தில் ஆம் என்று சொல்லிவிட்டால் கயிற்றை நீங்களே வெட்டிவிட்டீர்கள். ஆட்கள் வேலை செய்யும் நேரத்தில் சாதனம் மறுபடி எழும்புவது தொல்லைதான் என்பதால், பழைய உள்ளமைவுகளை வைத்திருக்கும் காப்பகம் அமைத்த சாதனங்களில் ‘கொன்பிகர் டெர்மினல் ரிவேர்ட் டைமர்’ என்ற வழியை விரும்புகிறேன். அது சாதனத்தை நிறுத்தாமல் உள்ளமைவை மட்டும் பின்னுக்கு எடுக்கும். எல்லாம் சரி என்றால் ‘கொன்பிகர் கொன்பேர்ம்’. ஜூனிப்பர் நிறுவனச் சாதனங்கள் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையைக் ‘கொமிட் கொன்பேர்ம்ட்’ செய்யும், அதன் இயல்பான அவகாசமும் பத்து நிமிடம்தான்.

மைக்ரோடிக்கில் இதற்குக் கொன்ட்ரோல் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்துத் தட்டுவதே போதும். சேஃப் என்ற சொல் வரியின் முனையில் தோன்றும். அந்த நிலையில் இணைப்பு அறுந்தால், சில நிமிடங்களில் ரவுட்டர் எல்லா மாற்றங்களையும் தானாகவே பின்வாங்கும். அது நினைவில் வைத்திருக்கும் செயல்களின் எண்ணிக்கைக்கு எல்லை இருப்பதால், பெரிய வேலையைச் சிறு சிறு துண்டாகச் செய்து, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் அதே விசைகளைத் தட்டி உறுதிசெய்யுங்கள். மாறாகக் கொன்ட்ரோலும் டியும் தட்டினால் செய்தவை எல்லாம் போய்விடும்.

சிஸ்கோவில் அடிக்கும் நேரத்தைக் குறைக்கும் சில விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். எந்தச் சொல்லையும் வேறொன்றோடு குழம்பாத அளவுக்குச் சுருக்கலாம் என்பதை நீங்கள் அறிவீர்கள். உள்ளமைவு நிலையில் நின்றுகொண்டே ‘டூ’ என்று முன்னால் போட்டால் காட்டும் கட்டளைகளைக் கேட்கலாம், வெளியே போய்வரத் தேவையில்லை. முழு உள்ளமைவையும் உருட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, நிலைக்குத்துக் கோடு போட்டு ‘செக்ஷன்’ என்றும் தேடும் சொல்லையும் கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் வரும். புதிதாக வரும் ஒவ்வொரு சுவிட்சிலும் நான் முதலில் எழுதுவது ‘நோ ஐபி டொமைன் லுக்அப்’. அது இல்லாத சாதனத்தில் ஒரு சொல்லைப் பிழையாக அடித்துவிட்டால், அதை ஒரு கணினியின் பெயரென்று எடுத்துக்கொண்டு வலையமைப்பெங்கும் தேடத் தொடங்கிவிடும். கொன்ட்ரோல், ஷிப்ட், 6 மூன்றையும் சேர்த்துத் தட்டினால்தான் விடும். கொன்சோலில் ‘லொகிங் சிங்க்ரொனஸ்’ போட்டுவிட்டால், அடித்துக்கொண்டிருக்கும் வரியின் நடுவில் செய்திகள் வந்து விழுந்து குழப்பாது.

ஸ்ரான்லிவீதி

உடன் வேலை செய்பவர் விண்டோஸ் பாவிப்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். 2018 இன் பதிப்புகளிலிருந்து விண்டோஸ் 10 உடனேயே ஓப்பன்எஸ்எஸ்எச் வருகிறது, ஆகவே கோட்டைமதில் எழுதிய அதே கொன்பிக் கோப்பை அவருடைய பயனர் கோப்புறையிலும் வைக்கலாம். மூன்று வேறுபாடுகள் உண்டு. ஏஜென்ட் சேவை இயல்பாக முடக்கப்பட்டிருக்கும், சேவைகள் பட்டியலில் போய் இயக்கிவிட வேண்டும். எஸ்எஸ்எச்-கொப்பி-ஐடி அங்கே இல்லை, பொதுத் திறப்பின் வரியைக் கையால்தான் ஒட்ட வேண்டும். கொன்ட்ரோல்மாஸ்டர் வேலை செய்யாது. விண்டோஸில் பலர் பாவிக்கும் எஸ்எஸ்எச் நிரலான புட்டியை விட மனமில்லாதவர் பேஜன்ட் என்ற அதன் துணை நிரலில் திறப்பை ஏற்றலாம், ஆனால் புட்டியின் திறப்புக் கோப்பு வடிவம் வேறு.

பழையகொன்சோல்

எல்லோரும் குறுக்குவழிகளைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். ஒரு மாற்றுக் கருத்தையும் பதிய விரும்புகிறேன். நான் ஒரு காலத்தில் பாஷில் நீண்ட கட்டளைகளுக்கு எழுபதுக்கு மேற்பட்ட மாற்றுப்பெயர்கள் வைத்திருந்தேன். ஒரு நாள் வேறொருவருடைய சேர்வரில், நள்ளிரவில், எல்லோரும் முதுகுக்குப் பின்னால் நிற்க வேலை செய்ய வேண்டி வந்தபோது, என் விரல்கள் அடித்த எந்தச் சொல்லும் அந்தக் கணினிக்குத் தெரியவில்லை. உண்மையான கட்டளைகளோ எனக்கு மறந்துபோயிருந்தன. இப்போது ஆறு மாற்றுப்பெயர்கள் மட்டுமே வைத்திருக்கிறேன், அவற்றுள் எதுவும் ஒரு உண்மையான கட்டளையின் பெயரை மறைப்பதில்லை.

எங்கு போனாலும் இருக்கும் குறுக்குவழிகளையே முதலில் கைப்படுத்துங்கள். பாஷில் கொன்ட்ரோலும் ஆரும் தட்டி இரண்டு மூன்று எழுத்துகளை அடித்தால், முன்னர் அடித்த நீண்ட கட்டளை தேடி எடுத்துத் தரப்படும். அல்ட் விசையும் புள்ளியும் சேர்ந்தால் முந்தைய கட்டளையின் கடைசிச் சொல் வந்து விழும்; நீண்ட கோப்புப் பாதைகளை மறுபடி அடிப்பதை இது அடியோடு நிறுத்திவிடும். நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் சுடோ போட மறந்தால், சுடோ என்று அடித்து இரண்டு ஆச்சரியக்குறிகளைப் போடுங்கள். வரியின் தொடக்கத்துக்குப் போக ஏ, முடிவுக்குப் போக ஈ, இரண்டும் கொன்ட்ரோலோடு. இவை சிஸ்கோவிலும் அப்படியே வேலை செய்யும். கொன்ட்ரோலோடு எஸ் தட்டித் திரை உறைந்துவிட்டால் பயப்பட வேண்டாம், கியூ தட்டினால் விடுபடும். இதைத் தெரியாமல் சேர்வர் விழுந்துவிட்டது என்று எனக்கு அழைப்பு எடுத்தவர்களும் உண்டு.

பாஷ் வரலாறு இயல்பாக 500 கட்டளைகளையே வைத்திருக்கும். அதைப் பல்லாயிரமாகக் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் நேரம் பதியும்படியும், இடைவெளியில் தொடங்கும் கட்டளைகளைப் பதியாதபடியும் அமையுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னர் அந்த விதியை எப்படி எழுதினேன் என்று தேடும் நாளில் இதுதான் உதவும்.

பனைவடலி தம்பி, உங்கள் பதிவை வாசித்தபோது ஒரு சந்தேகம் எழுந்து சற்றுக் கவலையாக இருந்தது. எல்லாச் சாதனத்திலும் நீங்கள் இருவரும் ஒரே நிர்வாகிப் பெயரையா பாவிக்கிறீர்கள்? அப்படியானால் பிழை நடந்த அன்று யார் செய்தது என்று பதிவேடு சொல்லாது. எல்லாச் சாதனங்களின் உள்நுழைவையும் ஓரிடத்தில் சரிபார்க்கும் ரேடியஸ் சேர்வர் ஒன்றை லினக்ஸில் இலவசமாகவே நிறுவலாம். ஆளுக்கொரு பெயர் கிடைக்கும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் 37 இடத்தில் கடவுச்சொல் மாற்றுவதற்குப் பதிலாக ஓர் இடத்தில் ஒரு பெயரை நீக்கினால் முடிந்தது. ரேடியஸ் சேர்வர் விழுந்தால் உள்ளே போவதற்கு ஒவ்வொரு சாதனத்திலும் உள்ளூர்ப் பயனர் ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள், அதன் கடவுச்சொல் மூடிய உறையில் பெட்டகத்துக்குள் இருக்கட்டும்.

பனைவடலி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாட்களாக இருந்து கொன்பிக் கோப்பை எழுதி முடித்தேன். 37 இல் 34 சாதனங்கள் பெயரைச் சொன்னவுடன் திறக்கின்றன. மூன்றில் சிக்கல். சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் உள்ள இரண்டு பழைய சுவிட்சுகள், பொருந்தும் திறப்புப் பரிமாற்ற முறை கிடைக்கவில்லை என்று சொல்லி இணைப்பையே மறுக்கின்றன. புட்டியில் இவை திறக்கின்றன. மூன்றாவது ஒரு லினக்ஸ் சேர்வர். திறப்பை ஏற்றியாயிற்று, கோப்பைத் திறந்து பார்த்தால் வரி சரியாக இருக்கிறது, ஆனால் எந்தக் குறையும் சொல்லாமல் ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல்லையே கேட்கிறது.

பழையகொன்சோல் ஐயா கேட்டதற்குப் பதில்: ஆம், ஒரே பெயர்தான். எனக்கு முன்னர் இருந்தவர் விட்டுப்போன ஏற்பாடு.

கோட்டைமதில்

சுவிட்சுகளின் குற்றம் வயதுதான். அவை பேசும் டிஃபி-ஹெல்மன் குழு 1 என்ற திறப்புப் பரிமாற்ற முறையை ஓப்பன்எஸ்எஸ்எச் 2015 இல் 7.0 பதிப்போடு இயல்பான பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஷா-1 என்ற பழைய சுருக்கமுறை கொண்ட ஆர்எஸ்ஏ கையொப்பமும் 2021 இல் 8.8 பதிப்போடு போய்விட்டது. கொன்பிக் கோப்பில் அந்த இரண்டு சுவிட்சுகளின் பெயருக்குக் கீழே மட்டும், கெக்ஸ்அல்கொரிதம்ஸ் என்றும் ஹோஸ்ட்கீஅல்கொரிதம்ஸ் என்றும் இரண்டு வரிகளை எழுதி, பழைய முறையின் பெயருக்கு முன்னால் கூட்டல் குறி போடுங்கள். திறப்பால் நுழைவதென்றால் பப்கீஅக்செப்டட்அல்கொரிதம்ஸ் வரியும் அதே மாதிரி தேவைப்படலாம். கூட்டல் குறி இல்லாவிட்டால் நல்ல முறைகள் எல்லாம் நீங்கிப் பழையது மட்டும் எஞ்சும். தீவகத்தானின் ‘ஆட்’ கதைதான் இங்கேயும். நட்சத்திர விதிக்குக் கீழே இதை எழுதிவிட வேண்டாம், மற்ற 35 சாதனங்களுக்கும் பலவீனமான பூட்டை அனுமதித்ததாகிவிடும்.

சேர்வரில் அந்தப் பயனரின் முகப்புக் கோப்புறையின் அனுமதிகளைப் பாருங்கள். முகப்புக் கோப்புறையோ, எஸ்எஸ்எச் கோப்புறையோ, திறப்புகளின் கோப்போ மற்றவர்கள் எழுதக்கூடிய நிலையில் இருந்தால், சேர்வர் அந்தத் திறப்பை நம்பாது. உங்களிடம் காரணமும் சொல்லாது. காரணத்தைத் தன் உள்நுழைவுப் பதிவேட்டில் மட்டும் எழுதி வைக்கும். எஸ்எஸ்எச் கோப்புறைக்கு அனுமதி எண் 700, திறப்புக் கோப்புக்கு 600 (இரண்டும் உரிமையாளருக்கு மட்டும் என்று பொருள்), முகப்புக் கோப்புறையில் உரிமையாளருக்கு மட்டும் எழுதும் அனுமதி.

பனைவடலி

சேர்வரின் முகப்புக் கோப்புறை 777 இல் இருந்தது. 750 ஆக மாற்றினேன், அடுத்த தடவையே திறந்தது. உள்நுழைவுப் பதிவேட்டில் அந்தக் காரணம் நாள்தோறும் எழுதப்பட்டிருந்ததையும் இன்றுதான் பார்த்தேன். சுவிட்சுகள் இரண்டும் கூட்டல் குறியோடு திறக்கின்றன. அவற்றை மாற்றுவதற்கு மேலிடத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ரேடியஸ் சேர்வருக்கு ஒரு பழைய கணினியை ஒதுக்கியாயிற்று, அடுத்த வாரம் தொடங்குவேன்.

நேற்று மறுபடி கோடு போட்டு எண்ணினேன். காலையில் கடவுத்தொடர் ஒன்று, சுவிட்சுகளின் சிறப்புரிமை நிலைக்காக எட்டு, ஆக ஒன்பது.

தீவகத்தான் அண்ணாவின் கதையை வாசித்த பின்னர், எனக்கு முன்னர் இருந்தவர் விட்டுப்போன உரைக்கோப்புகளைத் திறந்து பார்த்தேன். பதினான்கு கோப்புகள், பதினான்கிலும் கடைசி வரி ‘ரைட் மெமரி’. எல்லாவற்றிலும் அதை அழித்துவிட்டு, முதல் வரியில் ‘ரீலோட் இன் 10’ எழுதியிருக்கிறேன்.